ஜிபிஎஸ்ஸும் வயர்லெஸ்ஸும் ஒரே நாளில் பழுதாகும் நிகழ்தகவு: பெருக்கினால் ஏன் விடை பொருந்தவில்லை?

தங்கச்சிமடம் மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நான் 11ஆம் வகுப்பில் படிக்கிறேன். நிகழ்தகவுப் பாடத்தில், ‘இரண்டும் நிகழ’ என்று வந்தால் பெருக்க வேண்டும், ‘ஏதேனும் ஒன்று நிகழ’ என்று வந்தால் கூட்ட வேண்டும் என மனப்பாடமாக வைத்திருந்தேன். வீட்டுக் கணக்கு ஒன்றில் அதைப் போட்டுப் பார்த்தேன். விடை பொருந்தவில்லை. அன்றிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை.

அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். டீசல், ஐஸ், பங்குக் கணக்கு எழுதும் நோட்டில், கடலுக்குப் போய் வந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி எழுதி, அன்று படகில் என்ன பழுது என்பதை ஓரத்தில் குறித்து வைப்பது அவர் வழக்கம். உப்புத்தண்ணீர் பட்டு மொடமொடத்துப் போன அந்த நோட்டில் 120 நாள்களின் வரிகள் இருக்கின்றன. அவற்றில் ஜிபிஎஸ் வேலை செய்யாத நாள்கள் 12, வயர்லெஸ் வேலை செய்யாத நாள்கள் 12. ஆகவே ஒவ்வொன்றும் பழுதாகும் நிகழ்தகவு 1/10 என்று கொண்டேன். கரை விளக்கு தெரியாத இரவில் இரண்டும் சேர்ந்து நின்றுவிட்டால் இருக்கும் இடமும் தெரியாது, கரைக்குச் சொல்லவும் முடியாது என்பதால், எனக்கு வேண்டியது இரண்டும் ஒரே நாளில் பழுதாகும் நிகழ்தகவுதான். 1/10 × 1/10 என்று பெருக்கி 1/100 என்று கண்டேன். அப்படியானால் 120 நாளில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் வந்திருக்க வேண்டும். நோட்டில் 6 நாள்கள் இருக்கின்றன. அது 1/20, அதாவது என் விடையைப் போல் ஐந்து மடங்கு. நான் எங்கே தவறினேன் என்று யாராவது சொல்லித் தர வேண்டுகிறேன்.

மண்டபம் ஆசிரியர் (ஓய்வு):

அம்மா, உன் பெருக்கலில் பிழை இல்லை. பெருக்குவதற்கு முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டிருக்கிறாய். முதல் நிகழ்ச்சி நடந்துவிட்டது என்று தெரிந்த பிறகும், இரண்டாவது நிகழ்ச்சியின் நிகழ்தகவு முன்பு இருந்தபடியே இருக்கிறதா? இருக்கிறது என்றால் மட்டுமே அவை சார்பிலா நிகழ்ச்சிகள். அப்போதுதான் தனித்தனி நிகழ்தகவுகளை நேராகப் பெருக்கலாம். மற்ற எல்லா இடங்களிலும் முதல் நிகழ்ச்சியின் நிகழ்தகவை, ‘முதலாவது நடந்தது என்ற நிபந்தனையின் கீழ் இரண்டாவதன் நிகழ்தகவு’ என்பதால் பெருக்க வேண்டும். பொது விதி இதுதான். நீ மனப்பாடம் செய்தது இதன் ஒரு சிறப்பு நிலை.

உன் நோட்டையே கூறுவெளியாக, அதாவது நடக்கக்கூடிய எல்லா விளைவுகளின் தொகுப்பாகக் கொள். 120 நாள்களை நான்கு குவியல்களாகப் பிரித்தால், இரண்டும் பழுதான நாள்கள் 6, ஜிபிஎஸ் மட்டும் பழுதானவை 6, வயர்லெஸ் மட்டும் பழுதானவை 6, இரண்டும் நன்றாக இருந்தவை 102. இப்போது ஜிபிஎஸ் பழுதான 12 வரிகளை மட்டும் விரலால் தொட்டு எண்ணிப் பார். அவற்றில் பாதியில் வயர்லெஸ்ஸும் பழுதாகியிருக்கிறது. எனவே நிபந்தனை நிகழ்தகவு 1/10 அல்ல, 1/2. 1/10 × 1/2 = 1/20. நோட்டுச் சொன்ன விடை வந்துவிட்டது.

கூட்டல் பக்கத்தையும் பார்த்துவிடு. ஏதேனும் ஒன்றாவது பழுதாகும் நாள்கள் 12 + 12 = 24 என்று எண்ணினால், இரண்டும் பழுதான 6 நாள்களை இருமுறை எண்ணியதாகும்; ஒருமுறை கழிக்க 18, அதாவது 0.15. கருவிகள் சார்பிலாதவையாக இருந்திருந்தால் இது 1 − 0.9 × 0.9 = 0.19 ஆக இருந்திருக்கும். இந்த இடத்தில் சற்று நின்று யோசி. ஏதோ ஒரு பழுது வரும் நாள்கள் குறைந்திருக்கின்றன, ஆனால் இரண்டும் சேர்ந்து பழுதாகும் நாள்கள் கூடியிருக்கின்றன. தனித்தனியே வர வேண்டிய பழுதுகள் ஒரே நாளில் வந்து குவிகின்றன என்பதே இதன் பொருள். ஏன் குவிகின்றன என்பதற்குக் கணிதத்தில் விடை கிடையாது. அது படகுக்குள் இருக்கிறது.

தேவிபட்டினம் வாசகர்:

ஆசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும். எனக்கு இதில் ஐயம் உண்டு. 120 நாள் என்பது சிறிய எண்ணிக்கை. உண்மையான நிகழ்தகவு 1/100 ஆகவே இருந்து, தற்செயலாக 6 நாள்கள் வந்திருக்கக் கூடாதா? நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் எட்டுத் தலை விழுவதும் உண்டே. இன்னொன்று: ஜிபிஎஸ் ஒரு கருவி, வயர்லெஸ் வேறு கருவி. இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை, ஒன்றையொன்று விலக்கியவை. விலக்கியவை என்றாலே சார்பிலாதவைதானே?

மண்டபம் ஆசிரியர் (ஓய்வு):

முதல் ஐயம் நல்ல ஐயம். அதை எண்ணாலேயே தீர்த்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு 1/100 என்றால் 120 நாளில் சராசரியாக 1.2 முறை எதிர்பார்க்கலாம். அரிதாக நடப்பவற்றை எண்ணுவதற்குப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் பாய்சான் 1837இல் தந்த முறையில், சராசரி 1.2 ஆக இருக்கும்போது 6 அல்லது அதற்கு மேல் வருவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 0.0015. ஆயிரத்தில் ஒன்றரை. தற்செயல் என்று சொல்லிக் கடந்து போக என் மனம் ஒப்பவில்லை. பத்து முறை சுண்டி எட்டோ அதற்கு மேலோ தலை விழுவது 56/1024, அதாவது நூற்றில் ஐந்துக்கும் மேல். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

இரண்டாவதில் பலரும் தடுமாறுகிறார்கள். முப்பது ஆண்டுகளாக விடைத்தாள்களில் பார்த்து வருகிறேன். ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள் என்றால் இரண்டும் சேர்ந்து நடக்கவே முடியாது என்று பொருள். இராமேசுவரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போவது வழக்கம். வாரத்தில் ஒரு நாளைச் சமவாய்ப்பு முறையில் எடுத்தால், அது விசைப்படகு நாளாக இருக்க 3/7, விசைப்படகு போகாத நாளாக இருக்க 4/7. ஒரே நாள் இரண்டுமாக இருக்க முடியாது, நிகழ்தகவு 0. சார்பிலாதவை என்று எண்ணிப் பெருக்கினால் 12/49 என்ற பொருளற்ற விடை வரும். இன்று திங்கள் என்று தெரிந்தவுடன் மற்றதைப் பற்றி எல்லாமே தெரிந்துவிடுகிறது அல்லவா? ஒன்றையொன்று விலக்குவது சார்பின் உச்சம். சுழியில்லாத நிகழ்தகவு கொண்ட இரு நிகழ்ச்சிகள் ஒரே நேரத்தில் விலக்குவனவாகவும் சார்பிலாதவையாகவும் இருக்கவே முடியாது.

இதையே ஆண்டுக் கணக்காக நீட்டினால் நிபந்தனையின் வேலை இன்னும் துலக்கமாகத் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் போகக் கூடாது. ஆண்டில் ஏதோ ஒரு நாளை எடுத்து, அன்று விசைப்படகு போகும் நாளா என்று கேட்டால், 3/7 என்று சொல்வது பிழை. தடை இல்லாத நாளாக இருக்க 304/365, அப்படி இருந்தால் 3/7. பெருக்க ஏறத்தாழ 0.357 வரும். புயல், வேலைநிறுத்தம் ஆகியவற்றை இதில் சேர்க்கவில்லை.

கீழக்கரை எலக்ட்ரீஷியன்:

சார் சொன்ன ‘படகுக்குள் இருக்கிறது’ என்பதை நான் சொல்கிறேன். படகுகளில் வயரிங் வேலை பார்ப்பவன் நான். தங்கச்சி, அப்பாவின் படகில் ஜிபிஎஸ், வயர்லெஸ் இரண்டுக்கும் ஒரே 12 வோல்ட் பேட்டரியில் இருந்துதான் இணைப்பு போகிறது என்று நான் பார்க்காமலே சொல்வேன். பேட்டரியைக் கரைக்குத் தூக்கி வந்து சார்ஜ் போடுகிற படகுகளில் டெர்மினலைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி, கவ்வி தளர்ந்து, செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். அந்தக் களிம்பைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே கம்பி இழைகள் பொடியாக உதிரும். ஓர் அலை அடித்துப் படகு குலுங்கினால் இணைப்பு விடும்; இரண்டு கருவிகளும் ஒரே நொடியில் அணையும்.

பேட்டரி பாதி இறங்கினால் கதை வேறு. ஜிபிஎஸ் குறைந்த மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். வயர்லெஸ்ஸில் மற்றவர் பேசுவது கேட்கும், ஆனால் நாம் பேசப் பொத்தானை அழுத்தியவுடன் அதிக மின்சாரம் இழுத்து அணைந்துவிடும். ஆகவே அந்த 6 நாள்களில் அப்பா என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

தங்கச்சிமடம் மாணவி:

அண்ணன் சொன்னது அப்படியே இருக்கிறது. ஒரே பேட்டரிதான். 6 நாள்களில் 5 நாள்களின் ஓரத்தில் ‘பேட்டரி’ என்று எழுதியிருக்கிறது. அவற்றில் ஒன்றில் ‘பேட்டரி பெட்டிக்குள் தண்ணீர்’ என்று இருக்கிறது. ஆறாவது நாளில் ஜிபிஎஸ் ஏரியல் வயர் அறுந்தது, வயர்லெஸ்ஸின் மைக் வயரும் போனது என்று தனித்தனியாக எழுதியிருக்கிறார். இந்த 5 நாள்களைத் தவிர வேறு எந்த நாளிலும் பேட்டரி பற்றிய குறிப்பு இல்லை.

மண்டபம் ஆசிரியர் (ஓய்வு):

இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைப் பாடநூலுக்காக நான் உட்கார்ந்து யோசித்தாலும் எழுதியிருக்க முடியாது.

120 நாள்களை இப்போது இரண்டாகப் பிரி: பேட்டரி போன 5 நாள்கள், பேட்டரி நன்றாக இருந்த 115 நாள்கள். முதல் வகையில் இரண்டு கருவிகளும் நிற்பது உறுதி, நிகழ்தகவு 1. இரண்டாம் வகையில் ஜிபிஎஸ் 7 நாள், வயர்லெஸ் 7 நாள் பழுதாகியிருக்கின்றன, இரண்டும் சேர்ந்து 1 நாள். இங்கே சார்பிலாதவை என்று கொண்டால் எதிர்பார்க்க வேண்டிய நாள்கள் 115 × 7/115 × 7/115 = 49/115, ஏறத்தாழ 0.43. வந்தது 1. ஒரு நாள் என்பது இதற்கு முரணானதல்ல. ஆகவே பேட்டரி நன்றாக இருக்கும் வரை இரு கருவிகளும் ஒன்றையொன்று சாராமல்தான் இருக்கின்றன. பேட்டரி என்ற பொதுக் காரணம்தான் அவற்றைச் சேர்த்துக் கட்டியிருக்கிறது. ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே கண்டு கூட்டும் மொத்த நிகழ்தகவு விதிப்படி 5/120 × 1 + 115/120 × (7/115)² = 0.045. நோட்டில் உள்ள 0.05க்கு இது எவ்வளவு அருகில் இருக்கிறது, பார்.

தொண்டிவாசி:

தங்கை முதலில் செய்த பிழைக்காக வருந்த வேண்டாம் என்று சொல்லவே எழுதுகிறேன். நாணயத்தை இருமுறை சுண்டினால் ஒருமுறையாவது தலை விழும் நிகழ்தகவு 3/4. பிரெஞ்சு அறிஞர் தெ’அலம்பேர் 1754இல் வெளியான கலைக்களஞ்சியக் கட்டுரையில் அதை 2/3 என்று எழுதினார். முதலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது, எனவே ‘தலை’, ‘பூ-தலை’, ‘பூ-பூ’ என மூன்று விளைவுகளே உண்டு, அவற்றில் இரண்டு சாதகம் என்பது அவர் வாதம். மூன்றும் சம வாய்ப்புள்ளவை அல்ல என்பதை அவர் கவனிக்கவில்லை. முதலாவதற்கு 1/2, மற்ற இரண்டுக்கும் தலா 1/4.

எங்கள் வீட்டில் தாயம் ஆடுவதில் இது தினமும் கண்ணெதிரே நடக்கிறது. பித்தளைத் தாயக்கட்டை இரண்டிலும் 0, 1, 2, 3 என நான்கு முகங்கள். ஆக 16 விளைவுகள். தாயம் என்பது ஒன்றில் 0, மற்றதில் 1. அது இரண்டு விதமாக விழலாம், எனவே 2/16. பன்னிரண்டு என்பது இரண்டிலும் 0. ஒரே விதம், 1/16. மூன்று நான்கு விதமாக விழும். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி போடலாம் என்பது எங்கள் வழக்கம்; அவை நான்கும் ஒன்றையொன்று விலக்குவன, ஆகவே கூட்டலாம்: 2 + 2 + 1 + 1 = 6, அதாவது 3/8. அடுத்தடுத்து இருமுறை மறுபோடு கிடைக்க 3/8 × 3/8 = 9/64. இங்கே பெருக்கலாம், கட்டைக்கு முந்தைய போடு நினைவில் இருப்பதில்லை.

ஆனால் ஆத்தா கட்டையைத் தொட மாட்டார், சோழியில்தான் ஆடுவார். சோழியின் வாய் மேலே விழுவதற்கு 1/2 என்று நான் வெகுநாள் நம்பியிருந்தேன். ஒரே சோழியை எடுத்துத் திண்ணையில் 100 முறை உருட்டினேன். 38 முறைதான் வாய் மேலே வந்தது. முதுகு குவிந்தும் வாய்ப்பக்கம் தட்டையாகவும் இருப்பதால் அது வாய் கவிழ்ந்து உட்காரவே விரும்புகிறது. இரண்டு சோழியும் வாய் மேலே விழுவதற்கு 0.25 என்று எழுதியிருந்தால் பிழை; 0.38 × 0.38, சுமார் 0.14. இங்கே பெருக்கல் சரி, முதலில் எடுத்துக்கொண்ட எண்தான் பிழை. தங்கை 1/10 என்பதை நோட்டிலிருந்து எண்ணி எடுத்தது மிகச் சரியான தொடக்கம் என்று இதனால் சொல்கிறேன்.

பாம்பன் வாசகர்:

பொதுக் காரணம் என்பதை எங்கள் ஊரில் கண்ணால் காணலாம். ‘மண்டபத்தில் ரயில் நிறுத்தி வைக்கப்பட்டது’, ‘மீன்பிடிக்கப் போக டோக்கன் தரவில்லை’, ‘துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள்’ ஆகிய மூன்றும் தனித்தனியே அரிதானவை. மூன்றையும் பெருக்கினால் ஆண்டில் ஒருநாள்கூட மூன்றும் சேர்ந்து வராது என்று விடை வரும். உண்மையில் மூன்றும் ஒரே நாளில்தான் வருகின்றன, ஏனெனில் வீசுவது ஒரே காற்று.

இந்தப் பிழை உயிரோடு விளையாடியதும் உண்டு. இங்கிலாந்தில் 1999இல், இரண்டு கைக்குழந்தைகளை இழந்த ஒரு தாய் மீது கொலை வழக்கு நடந்தபோது, அத்தகைய குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென இறக்கும் நிகழ்தகவு 1/8543 என்றும், இருவரும் அப்படி இறக்க அதை அதனாலேயே பெருக்கி 7 கோடியே 30 இலட்சத்தில் ஒன்று என்றும் ஒரு குழந்தை மருத்துவர் சாட்சி சொன்னார். ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ஒரே வீடு. மரபோ சூழலோ பொதுக் காரணமாக இருக்கலாம் என்ற கேள்வி கேட்கப்படாமலே அந்தப் பெருக்கல் நடந்தது. அதற்குப் புள்ளியியல் அடிப்படை இல்லை என்று அந்நாட்டு அரச புள்ளியியல் கழகம் 2001இல் பகிரங்கமாக அறிவித்தது. 2003இல் தண்டனை ரத்தானது. அதுவரை அந்தத் தாய் சிறையில் இருந்தார். இதைப் படித்த நாளிலிருந்து, யாராவது இரண்டு சிறிய பின்னங்களைச் சட்டெனப் பெருக்குவதைக் கண்டால் என் கை அவர்களைத் தடுக்கவே எழுகிறது.

தேவிபட்டினம் வாசகர்:

ஆசிரியர் ஐயாவுக்கும் பாம்பன் அன்பருக்கும் நன்றி. என் இரண்டு ஐயங்களும் தீர்ந்தன. ஒன்று மட்டும் கேட்கிறேன்: வயர்லெஸ்ஸுக்குத் தனியாக இன்னொரு பேட்டரி வைத்தால் எவ்வளவு மாறும்? அந்தக் குடும்பத்துக்குச் செலவு வைக்கிற யோசனை என்பதால் கணக்கைப் பார்த்துவிட்டுச் சொல்வது நல்லது.

தங்கச்சிமடம் மாணவி:

இதை நானே போட்டுப் பார்த்தேன். பிழை இருந்தால் ஆசிரியர் ஐயா திருத்த வேண்டும். ஒவ்வொரு பேட்டரியும் போகும் நிகழ்தகவு 5/120 = 1/24 என்று கொண்டேன். வயர்லெஸ் நிற்பதற்கு, அதன் பேட்டரி போக வேண்டும், அல்லது பேட்டரி நன்றாக இருந்து கருவி பழுதாக வேண்டும்: 1/24 + 23/24 × 7/115 = 0.1. ஜிபிஎஸ்ஸுக்கும் அதே 0.1. அதாவது தனித்தனிப் பழுது துளியும் குறையவில்லை! முதலில் நான் மனம் சோர்ந்துவிட்டேன். பிறகுதான் இப்போது பொதுவான பேட்டரி இல்லை என்பது உறைத்தது. இரண்டும் சேர்ந்து நிற்பது 0.1 × 0.1 = 1/100. முதல் நாள் நான் தவறாகக் கண்ட அதே விடை, இரண்டாவது பேட்டரி வைத்த படகுக்குச் சரியான விடையாகிறது. பத்து நாள் கடலுக்குப் போனால் ஒருமுறையாவது இரண்டும் சேர்ந்து நிற்கும் நிகழ்தகவு இப்போது 1 − 0.95¹⁰, சுமார் 0.40, இரண்டு பேட்டரி வைத்தால் 1 − 0.99¹⁰, சுமார் 0.10.

மண்டபம் ஆசிரியர் (ஓய்வு):

ஒரு எழுத்தைக்கூடத் திருத்த வேண்டியதில்லை. ‘ஒருமுறையும் நிற்காமல் இருப்பது’ என்ற எதிர்நிலையைக் கண்டு 1இலிருந்து கழித்தாயே, அந்த நிரப்பு நிகழ்ச்சி வழியாகப் போனதும் சரி. ஒரே ஓர் எச்சரிக்கை: பத்து நாளையும் பெருக்கும்போது நாள்கள் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டிருக்கிறாய். பழுதான பேட்டரியோடு மறுநாளும் போனால் அந்த எண் மாறும். நோட்டில் அந்த 5 நாள்கள் அடுத்தடுத்து வந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்.

கீழக்கரை எலக்ட்ரீஷியன்:

இரண்டாவது பேட்டரியை முதல் பேட்டரி இருக்கும் பெட்டியிலேயே வைத்துவிடாதீர்கள். அங்கே தண்ணீர் ஏறினால் இரண்டும் சேர்ந்து போகும்; கணக்கு மறுபடி 1/20 பக்கம் நகரும். ஒன்று அணியத்தில் இருந்தால் மற்றது பின்பக்கம், தரைப்பலகையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் இருக்கட்டும். இரண்டுக்கும் தனித்தனி ஃப்யூஸ் போடுங்கள். எர்த் வயரையும் பொதுவாக்க வேண்டாம். டெர்மினலில் கிரீஸ் தடவுங்கள். அப்பாவிடம் என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள்; வயருக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும்.

தங்கச்சிமடம் மாணவி:

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். பேட்டரிக் குறிப்புள்ள 5 நாள்களில் மூன்று ஒரே வாரத்தில் வந்திருந்தன. ஐயா சொன்ன எச்சரிக்கை சரிதான். வயர்லெஸ்ஸுக்குத் தனிப் பேட்டரி வைத்தாயிற்று. அண்ணன் வந்து பின்பக்கம் மாட்டித் தந்தார். அதன்பின் 22 நாள்கள் அப்பா கடலுக்குப் போயிருக்கிறார். ஜிபிஎஸ் இரண்டு முறை, வயர்லெஸ் ஒரு முறை நின்றன. இரண்டும் சேர்ந்து ஒருநாளும் நிற்கவில்லை. நிலைமை மாறிவிட்டது என்று இப்போது சொல்லலாமா?

மண்டபம் ஆசிரியர் (ஓய்வு):

இப்போது சொல்ல முடியாது. ஒன்றுமே மாறாமல் 1/20 ஆகவே இருந்தாலும், 22 நாளும் தப்பிக்கும் நிகழ்தகவு 0.95²², சுமார் 0.32. மூன்றில் ஒரு பங்கு. 60 நாள் ஒருமுறையும் வராமல் இருந்தால் அது 0.046 ஆகக் குறையும்; அப்போது சொல்லலாம். இன்னும் 38 வரிகள் வேண்டும்.

தங்கச்சிமடம் மாணவி:

சரி ஐயா. நோட்டில் பேட்டரி ஒன்று, பேட்டரி இரண்டு, ஜிபிஎஸ், வயர்லெஸ் என்று நான்கு கட்டம் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன். இன்று விடியற்காலை வந்து அப்பா 23ஆவது வரியை எழுதினார். நான்கு கட்டத்திலும் ‘சரி’ என்று இருக்கிறது.